குதிகால் தூக்கும் இயந்திரம்

மார்ச் 3

வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, எட்டாவதோடு நின்ற கை இது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன். உன் அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விட்டு வந்த வாரம் அப்படித்தான் ஆயிற்று. அதற்கப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி, அப்புறம் கோபப்படு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் எங்களை எல்லாம் நிற்க வைத்துப் பேசினார். பெயிண்ட் ஷாப்பில் புது முறை வருகிறதாம். கார் பாடிக்கு பெயிண்ட் அடிக்கும் ரோபோக்களுக்கு இனிமேல் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் அசைவு சொல்லித் தருமாம். பெயிண்ட் மிச்சம், கரண்ட் மிச்சம், தண்ணீரும் காற்றும் கெடாதாம். பெயிண்ட் அடிக்கும் கூண்டுகள் இரண்டில் முதல் பூத்தில் மாற்றியாகிவிட்டது. அங்கே சரியாக வந்தால் இரண்டாவது பூத்தில் இருக்கிற பழைய அசைவை அழித்துவிடுவார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இதையெல்லாம் செய்யுற மேடம் உங்க நாத்தனார்தானே?" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்று சொல்லவா முடியும்?

இரண்டாவது பூத்தில் இருப்பது யாருடைய அசைவு என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ரோபோ வந்த புதிதில் அதற்கு ஒன்றுமே தெரியாது. கையால் அடிப்பவர்களில் நல்ல கையாகப் பார்த்து உன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கார் முழுக்க அடித்துக் காட்டினார். அவர் எப்படிப் போனாரோ அப்படியே அது வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, "கொழந்தைக்கு எழுத்து கத்துக் குடுக்குற மாதிரி கையப் புடிச்சுக் கத்துக் குடுத்துட்டேன். இனிமே அது சம்பாதிச்சு நம்மளக் காப்பாத்தும் பாரு" என்று சிரித்தார்.

அவர் உயரம்தான் உனக்குத் தெரியுமே. கார் கூரையின் நடுவுக்குக் கை எட்டாது. அதனால் கூரை முடிகிற இடத்தில் குதிகாலைத் தூக்கி ஒரு எம்பு எம்புவார். நாள் முழுக்க எம்பி எம்பி வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் குதிகாலை அமுக்கிவிடுவேன். அந்த எம்பலும் ரோபோவுக்குள் போய்விட்டது. ரோபோ அவரைவிட எவ்வளவோ உயரம். குதிகாலும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு காருக்கும் அந்த இடம் வந்தால் ஒரு எம்பு எம்பித்தான் இறங்கும்.

நான் நிற்கும் இடத்துக்கு எதிரேதான் அந்த பூத்தின் கண்ணாடி. ஓவனில் வெந்து வருகிற பாடியை டியூப் லைட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, எங்கே தூசி, எங்கே பெயிண்ட் வழிந்திருக்கிறது என்று பார்த்து, ஸ்க்ரீனில் இருக்கும் கார் படத்தின்மேல் விரலால் புள்ளி வைப்பது என் வேலை. "ஊருல எல்லாப் பொண்டாட்டியும் புருஷன் தப்பச் சும்மா கண்டுபிடிக்கிறா. என் பொண்டாட்டி அதுக்குச் சம்பளம் வாங்குறா" என்று கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். போட்டோவைப் பார்ப்பதில்லை. போட்டோவில் இருப்பவர் அசையமாட்டேன் என்கிறார். எனக்கு அந்த ஒரு எம்பல் போதும், அதை வைத்துக்கொண்டு ஷிஃப்டை ஓட்டிவிடுவேன். அதை அழிக்காதே. இதைக் கெஞ்சல் என்று நினைத்துவிடாதே. நான் சும்மா விடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். அப்புறம்தான் கோபப்பட்டேன். நீங்கள் சொன்னபடியே.

உங்களிடம் முதலில் சொல்லாதது என் தப்பு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டேன். போனை எடுப்பேன், அன்றைக்கு நீங்கள் வைத்த சத்தம் காதில் கேட்கும், திரும்ப வைத்துவிடுவேன்.

நான் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயிண்ட் ஷாப் மாதிரியே இன்னொன்று எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதே பூத், அதே ஓவன், அதே காற்று. உங்கள் ஊரில் ஒரு விசிறி மெதுவாகச் சுற்றினால் இங்கேயும் மெதுவாகச் சுற்றும். அதில் ஆயிரம் விதமாக அடித்துப் பார்த்து, எந்த அசைவில் பெயிண்ட் குறைவாக வீணாகிறது என்று கண்டுபிடித்தோம். அண்ணனுடைய அசைவில் மூன்றில் ஒரு பங்கு காரில் படாமலே பறந்துவிடுகிறது. பறந்தது எல்லாம் பூத்தின் அடியில் ஓடும் தண்ணீரில் விழுகிறது, தண்ணீர் சேறாகிறது. அதிகமாக விழுந்த பெயிண்டைக் காய வைக்க ஓவன் அதிகமாக எரிகிறது. புது அசைவு காருக்குப் பக்கத்தில் போய் மெல்லியதாக அடிக்கும். மூன்று வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் அண்ணி. அண்ணன் படுத்திருந்தபோதும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போனில் நான் சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டேன். அவனுடைய வேலையை நான் விஷம் என்று சொல்லவில்லை. அவன் மூச்சில் போனதை விஷம் என்றேன். மாஸ்க் போட்டால் விசில் வராது என்று அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு விசிலடித்துக்கொண்டே அடித்தவன் அவன். அது உங்களுக்கும் தெரியும்.

அசைவை வைப்பதும் அழிப்பதும் என் கையில் இல்லை. மே முடியும்வரை இரண்டு பூத்தும் ஓடும். பெயிண்ட், கரண்ட், தண்ணீர் எல்லாம் கணக்கில் வரும். ஆனால் மேலே இருப்பவர்கள் முதலில் பார்க்கப்போவது நீங்கள் ஸ்க்ரீனில் வைக்கிற புள்ளிகளைத்தான். கார் வாங்குகிறவர் கண்ணில் படுவது அதுதானே. எந்த பூத்தில் புள்ளி குறைவோ அதன் பக்கம்தான் சாய்வார்கள். எனக்காகவோ உங்களுக்காகவோ யாரும் முடிவு செய்யப்போவதில்லை. கார்களே சொல்லிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

ஏப்ரல் 2

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. சரி. கார்களே சொல்லட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். இடைவேளைக்கு டீ குடிக்கப் போவதை விட்டுவிட்டேன், அதனால் தூக்கம் நன்றாக வருகிறது. கட்டை விரல் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஒன்றும் பெரிதாக இல்லை.

முதல் பூத்தில் வருகிற கார்களைப் பார்ப்பவளுக்கு நாங்கள் கண்ணாடிக்காரி என்று பேர் வைத்திருக்கிறோம். தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள், ஆனால் ஒரு தூசியைக்கூடத் தப்ப விடமாட்டாள். அவள் ஸ்க்ரீன் அம்மை போட்ட மாதிரி புள்ளியாக இருக்கிறது. என் ஸ்க்ரீன் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. நேற்று என்னிடம் வந்து, "ஏன்க்கா, உன் பக்கம் மட்டும் வண்டி பொறக்கும்போதே குளிச்சுட்டு வருதா?" என்று கேட்டாள். நல்ல கை அடித்தது என்றேன்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மே 27

அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்றைக் கூட்டத்தில் இரண்டு பூத்தின் புள்ளிகளையும் சுவர் அகலத்துக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பூத்தில், கதவுக் கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் மெலிந்திருக்கிறது, அங்கங்கே தூசி. இரண்டாவது பூத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எங்கள் ஆபீஸ் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவு சுத்தமா அடிக்குற பழைய அசைவ விட்டுட்டு நாம ஏன் புதுசுக்கு அலையறோம்?" என்றார். பெயிண்ட் மிச்சம், தண்ணீர் மிச்சம் என்று நான் சொன்னதெல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் எடுபடவில்லை.

புது முறையை நிறுத்தப்போகிறார்கள். அதோடு முடியவில்லை. இதே காரைச் செய்கிற மற்ற மூன்று தொழிற்சாலைகளுக்கும் இரண்டாவது பூத்தின் அசைவையே அனுப்பச் சொல்கிறார்கள். இங்கிருந்து அனுப்பினால் ஒரே நாளில் எல்லா ரோபோவுக்கும் போய்விடும். என் மூன்று வருஷ வேலையை அண்ணன் ஒரே எம்பில் தட்டிவிட்டான்.

எனக்கு அழ வேண்டும் என்று இருந்தது. பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் நான் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் கடைசி நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பான். அதே வேலை. மூன்று ஊரில், எத்தனை ரோபோ இருக்கிறதோ அத்தனையும் இனிமேல் அவனை மாதிரி குதிகாலைத் தூக்கப்போகிறது.

ஜூன் கடைசியில் நான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் முடிந்தது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணி. எனக்குக் கோபம் இல்லை. கோபம் இல்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

வாலு

ஜூன் 5

வாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மூன்று ஊரிலுமா? நான் கேட்டது ஒரு பூத்துக்குத்தானே. எனக்கு எதிரே இருக்கிற அந்த ஒரு கண்ணாடிக்குத்தான் கேட்டேன். மற்ற ஊர்களில் அந்தச் சேறு எங்கே போகும்? அங்கேயும் எங்களுடையது மாதிரி பின்பக்கம் தொட்டி இருக்குமா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வாரம் நான் அந்தத் தொட்டிப் பக்கம் போக வேண்டி வந்தது. இத்தனை வருஷத்தில் போனதே இல்லை, நமக்கு அங்கே என்ன வேலை? கண்ணாடிக்காரியை என் எதிரிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அநாவசியமாகப் புள்ளி வைக்கிறாளாம், கண் சரியில்லையாம். அவள் சாப்பாட்டுப் பை இங்கேயே தங்கிவிட்டது. கொடுக்கப் போனேன்.

அங்கே வாசனை எப்படி இருந்தது தெரியுமா? நம் வீடு மாதிரி இருந்தது. அவர் சட்டையைத் துவைக்கும் முன் நான் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், அந்த வாசனை. ஒரு நிமிஷம் அவர்தான் நிற்கிறார் என்று திரும்பினேன். ஒரு ஆள் நீளமான கரண்டியால் சேற்றை வாரிக்கொண்டிருந்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் எல்லாம் சேர்ந்து சாம்பலாகி, தயிர் மாதிரி மிதந்தது. அந்த ஆளுக்கு இருமல் வந்தது. இருமும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். கையை வாயில் வைத்து, தோளைக் குறுக்கி, சத்தம் வெளியே வராமல். உன் அண்ணன் கடைசி வருஷம் முழுக்க அப்படித்தான் இருமினார். நான் சமையலறையில் இருந்தால் எனக்குக் கேட்கக் கூடாது என்று கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமுவார். எனக்குக் கேட்கும். கேட்கவில்லை என்று நான் நடிப்பேன்.

கண்ணாடிக்காரியும் அங்கேதான் நின்றாள். பையை வாங்கிக்கொண்டு, "நீ ஏன்க்கா இங்கல்லாம் வர்ற? போ, சட்டையில புடிச்சுக்கும்" என்றாள். அவள் மேல் அந்த வாசனை ஏற்கெனவே பிடித்திருந்தது.

டாக்டர் இதனால்தான் என்று அறுதியாகச் சொல்லவில்லை என்று உன்னோடு சண்டை போட்டேன். இப்போதும் சொல்கிறேன், அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் மூக்கு என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே.

அண்ணி

ஜூன் 13

அண்ணிக்கு,

அறிக்கைக்காக உட்கார்ந்து எல்லா எண்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழைய வருஷங்களையும் பார்த்தேன். இரண்டாவது பூத்திலிருந்து வந்த கார்களில் கூரை முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு வழிசல் இருந்திருக்கிறது. அண்ணன் எம்புகிற இடம். அங்கே கை ஒரு கணம் நிற்கிறது, பெயிண்ட் இரட்டையாக விழுகிறது. அதைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்ததும் நீங்கள்தான். வருஷக்கணக்காக வைத்திருக்கிறீர்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் விட்டதில்லை. என் கடிதம் உங்களுக்கு வந்த பிறகு அந்த வழிசல் நின்றுவிட்டது. ரோபோ தானாகத் திருந்தாது அண்ணி.

அப்புறம் ஸ்டோரிலிருந்து போகிற சாமான்களைப் பார்த்தேன். உங்களுக்கு மட்டும் பாலிஷ் பஞ்சும் மெல்லிய உப்புத்தாளும் நாலு மடங்கு போயிருக்கிறது. இடைவேளைக்கு டீ குடிக்கப் போகாததும் கட்டை விரல் வீங்கியதும் இதனால்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கார் கூரைக்கும் ஸ்டூல் போட்டு ஏறி, வழிசலைத் தேய்த்து, பளபளப்பாக்கி, ஸ்க்ரீனைத் தொடாமலே அனுப்பியிருக்கிறீர்கள். இத்தனை காரையுமா? ஒரு ஆளாகவா?

திட்டலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் உங்கள் பேரைச் சொன்னால் உங்கள் வேலை போகும். பேசாமல் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. என் வேலை வீணாகும், ஆகட்டும். மூன்று வருஷம் போனால் இன்னொரு மூன்று வருஷம். ஆனால் அண்ணன் அந்த ரோபோவுக்குள் இருப்பான். நானும் வந்து பார்ப்பேன். அவனைக் கடைசியாகப் பார்க்க நான் நேரத்துக்கு வரவில்லை. வந்தும் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றேன். மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பினேன். நீங்கள் அதைக் கேட்டதே இல்லை, ஆனால் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

பேசாமல் இருக்க நான் தயார். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்.

வாலு

ஜூன் 18

வாலுக்கு,

ஆமாம், தேய்த்தேன். மறைக்கவில்லை, நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தேய்த்ததற்காக வெட்கப்படவும் இல்லை. நீதானே வழி சொல்லித் தந்தாய், புள்ளி குறைந்தால் அசைவு தங்கும் என்று. கணக்குப் போடத்தான் எனக்குத் தெரியாது. பிடித்த பிடியை விடாமல் இருக்கத் தெரியும்.

ஆனால் பிடித்ததை விடவும் தெரியும். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நேற்று இரண்டாவது பூத்திலிருந்து முதலாவதாக வந்த காரின் கூரையில் வழிசல் இருந்தது. பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரீனில் புள்ளி வைத்தேன். அடுத்த கார். புள்ளி. சாயங்காலம் வரை எந்தக் காரையும் விடவில்லை. புள்ளி வைப்பதற்கு ஒரு விரல் போதும். ஆனால் தேய்த்ததைவிட அதுதான் எனக்குக் கை வலித்தது. ஒவ்வொரு தடவை தொடும்போதும், 'போங்க, போங்க' என்று அவரைத் தள்ளி அனுப்புகிற மாதிரி இருந்தது. எதிரே கண்ணாடிக்குள் அது எம்பிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நான் தலையைத் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டேதான் வைத்தேன்.

அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். "இத்தன நாளா சம்பளத்துக்கு வஞ்சகம் பண்ணிருக்கியே" என்றுதான் சொல்வார். அவர் தப்பைச் சொல்லத்தானே எனக்குச் சம்பளம். உயிரோடு இருந்தபோது ஒன்றைக்கூட விட்டதில்லை. வீட்டுக்கு வந்து முறைப்பார், நானும் முறைப்பேன், அப்புறம் குதிகாலை நீட்டுவார், நான் அமுக்குவேன். செத்தவர் என்பதற்காக அவர் தப்பைத் துடைத்து வைத்தால், அது யாரோ ஒருத்தர். என் புருஷன் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. அறிக்கையில் கையெழுத்துப் போடாதே. அந்த மூன்று மாதப் புள்ளி செல்லாது என்று எழுது. யார் என்று கேட்டால் என் வேலையைச் சொல், இன்ன பூத், இன்ன இடத்தில் நிற்பவள் என்று சொல். நானே நாளைக்கு சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லப்போகிறேன், அதனால் நீ ஒளிக்க நினைத்தாலும் நடக்காது. வேலை போனால் போகட்டும். போகாது என்று நினைக்கிறேன். என் மாதிரிக் கண் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

உன் புது அசைவில் கதவுக் கைப்பிடி பக்கம் மெலிகிறது என்று கண்ணாடிக்காரி வைத்த புள்ளி நிஜம். அதையும் சரி செய். ஓரவஞ்சனை வேண்டாம்.

ஒன்று மட்டும். அதை அழிக்கிற அன்றைக்கு யாரோ தெரியாத பையன் பொத்தானைத் தட்டக் கூடாது. நீ செய். அன்றைக்கு நீ முகத்தைப் பார்க்காமல் போனதைக் கேட்க மாட்டேன், கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. என்னாலேயே அப்போது சரியாகப் பார்க்க முடியவில்லை. இதை மட்டும் பார்த்து அனுப்பு.

அண்ணி

ஜூலை 9

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். பெரியவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம், "அந்தம்மா எத்தன கார தேச்சாங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை எடுத்து அந்த எண்ணை எழுதிக்கொண்டார். உங்கள் சூப்பர்வைசர் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார் என்றும், அதை நீங்கள் மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு நேராகப் போய் அடுத்த காரைப் பார்த்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

உங்கள் உண்மையான புள்ளிகளையும் கண்ணாடிக்காரி அக்காவின் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்ததில் புது அசைவுதான் ஜெயிக்கிறது. கைப்பிடியைச் சரி செய்துவிட்டோம். அவர் வைத்த புள்ளிகள் இல்லாவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதை அறிக்கையில் எழுதியிருக்கிறேன், அவரைப் பழைய இடத்துக்கே அழைக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். நான்கு தொழிற்சாலைக்கும் புது அசைவுதான் போகப்போகிறது.

இரண்டாவது பூத்தை அடுத்த மாதம் மாற்றுகிறோம். நானே வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ரோபோ ஓரமாகப் போய்ப் பெயிண்ட் தெளிக்கும் தன் மூக்கைக் கழுவிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அப்போது பெயிண்ட் வராது, கார் இருக்காது. அந்த இடத்தில் அண்ணனுடைய எம்பலை மட்டும் வைத்துவிடலாம். ஒரு சொட்டுப் பெயிண்ட் வீணாகாது. யாருக்கும் கெடுதல் இல்லை. நேற்று கம்ப்யூட்டருக்குள் வைத்துப் பார்த்தேன். அழகாக எம்புகிறது. உங்களுக்குத் தினமும் ஒரு தடவை கிடைக்கும். எனக்கும் இங்கே ஸ்க்ரீனில் தெரியும்.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வைத்துவிடுகிறேன்.

வாலு

ஜூலை 16

வாலுக்கு,

நீ கேட்டதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சரி என்று எழுதத்தான் கை போனது. உனக்கு இப்படி ஒன்று தோன்றியதே, அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் வேண்டாம்மா.

நேற்று ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போனபின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கடைசிக் கார் உள்ளே இருந்தது. கூரை முடிகிற இடம் வந்தது, எம்பியது. இத்தனை மாதமும் அதைப் பார்க்கும்போது எனக்கு அவர் கை ஞாபகம்தான் வரும். நேற்று குதிகால் ஞாபகம் வந்தது. வெந்நீர் வாளியில் கால், சிவந்து வீங்கிப்போன இரண்டு குதிகால். "இன்னிக்கு எத்தன கூரைம்மா, உசுரே போகுது" என்பார். இரும்புக்கு வலிக்காதுதான். அவருக்கு வலித்தது. எனக்கு ஆசை என்பதற்காக, தினமும் ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவரை எம்ப வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கவா?

நீ வந்து அழித்துவிடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். கண்ணாடிக்காரியும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து திரும்ப என் எதிரில் நிற்கிறாள். என் முதல் காரிலேயே நான் விட்ட ஒரு தூசியைக் காட்டி, "வயசாகுதுக்கா உனக்கு" என்கிறாள். அந்தத் தொட்டி ஆளுக்கும் நல்ல மாஸ்க் கேட்டு சூப்பர்வைசரிடம் நானும் அவளும் தினமும் போய் நிற்கிறோம். கொடுக்கும்வரை நிற்போம். உன் அறிக்கையில் அதற்கும் ஒரு வரி எழுது, பெரியவர் படிக்கிற மாதிரி இடத்தில்.

வரும்போது நேராக வீட்டுக்கு வா. வாசலில் நிற்காதே, உள்ளே வா.

எல்லாம் முடிந்தபிறகு உன் புது அசைவில் வருகிற காரையும் நான்தான் பார்ப்பேன். நாத்தனார் என்று ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் அண்ணன் போதுமான அளவு எம்பிவிட்டார். இனிமேல் குதிகாலைத் தரையில் ஊன்றி நிற்கட்டும்.

அண்ணி